அரியலூர், பெரம்பலூர் புதைபடிவச் சுற்றுலா: அருங்காட்சியகத்தையும் பல்கலைக்கழகத்தையும் இணைத்துத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களிலும் அவற்றை ஒட்டிய திருச்சிராப்பள்ளி மாவட்டப் பகுதியிலும் கிடக்கும் புதைபடிவங்களைக் காண, மாணவர்களையும் பொதுமக்களையும் முறையாக அழைத்துச் செல்லும் ஏற்பாடு ஒன்றைத் தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் நிலவியல் துறை ஆசிரியராக இருக்கலாம், அருங்காட்சியகப் பணியாளராக இருக்கலாம், ஊரில் வளர்ந்து ஊருக்கு ஏதாவது செய்ய விரும்புபவராகவும் இருக்கலாம். எந்த அலுவலகத்துக்கு முதலில் போவது, எந்தத் தாளை எதற்கு முன்பு வாங்குவது என்று எழுதிவைத்தவர் யாரும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் கைகாட்டிய அனுபவத்திலிருந்துதான் இந்த வரிசை உருவாயிற்று.

இந்த வேலைக்கு இரண்டு நிறுவனங்கள் ஏன் தேவை என்பதை ஒரே பத்தியில் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தில் பாறையைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பொதுமக்களுக்குக் கதவு திறந்து வைக்கும் வழக்கமும் அதற்கான ஆளும் அங்கே இல்லை. அருங்காட்சியகத்தில் கதவு, கண்காட்சிப் பெட்டி, பதிவேடு, காவலர் எல்லாம் உண்டு. தொல்லுயிரியல் படித்தவர் அங்கே பணியில் இருப்பது அரிது. ஒன்று இல்லாமல் மற்றொன்று தொடங்கிய முயற்சிகள் ஓரிரு பருவங்களுக்கு மேல் நீடித்து நான் பார்த்ததில்லை.

1. நிலம் யாருடையது என்பதை முதலில் அறியுங்கள்

பலரும் பல்கலைக்கழகத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்திலிருந்து தொடங்குகிறார்கள். அது வேண்டாம். நீங்கள் அழைத்துச் செல்லப்போகும் ஒவ்வொரு இடத்துக்கும் புல எண்ணைக் கண்டுபிடித்து, பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேட்டு நகல், புலப்பட நகல் ஆகிய நான்கையும் எடுத்து ஒரு கோப்பில் வையுங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றை வருவாய்த் துறையின் இணையச் சேவையிலேயே பார்த்துவிடலாம் என்பதால் செலவு மிகக் குறைவு. ஆனால் இணையத்தில் இருப்பதும் தரையில் இருப்பதும் ஒன்றுதானா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் நேரில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இதைச் செய்தால் உங்கள் இடங்கள் தாமாகவே பிரிந்துவிடும். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாக மாறிக் கிடக்கும் பழைய மரமான கல்மரமும் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக் கல்மரப் பூங்காவும் தேசியப் புவியியல் நினைவுச்சின்னங்கள். அவை இந்திய புவியியல் ஆய்வு மையத்தின் பொறுப்பில் வருபவை ஆதலால், பார்ப்பதற்குச் சிக்கல் இல்லை என்றாலும் அங்கே உங்கள் பலகையை நடவோ குழுவாக அமர்ந்து வகுப்பு நடத்தவோ முன்கூட்டியே கடிதம் கொடுக்க வேண்டும். புறம்போக்கு என்றால் வட்டாட்சியர் வழியாக மாவட்ட ஆட்சியருக்குக் கோப்பு போக வேண்டும். காப்புக்காடாக இருந்தால் மாவட்ட வன அலுவலரின் அனுமதி தேவை. தனியார் பட்டா நிலமாக இருந்தால் உரிமையாளரின் எழுத்துவழி ஒப்புதல் வேண்டும். வாய்ச்சொல் போதாது, ஏனெனில் நிலம் விற்கப்படும்போது வாய்ச்சொல் கூடவே போவதில்லை.

சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் தனி வகை. கல்லங்குறிச்சிப் பகுதிச் சுரங்கங்களின் வெட்டுமுகங்களில் கிரைபியா என்னும் பழங்காலக் கடற்சிப்பிகள் அடுக்கடுக்காகத் தெரியும். கல்லக்குடிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் பழைய பவளப் பாறையின் தடயங்கள் உண்டு. ஆனால் இயங்கும் சுரங்கம் 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்துக்கு உட்பட்ட இடம். சுரங்க மேலாளரின் எழுத்துவழி அனுமதி, தலைக்கவசம், பாதுகாப்புக் காலணி, உடன்வரும் சுரங்கப் பணியாளர், வெடிவைக்கும் நேரத்துக்கு வெளியே ஒதுக்கப்பட்ட நேரம் ஆகிய இத்தனையும் இருந்தால்தான் உள்ளே போக முடியும். கடிதத்தில் வருபவர்களின் பெயர்ப் பட்டியலையும் வயதையும் சேர்த்துக் கொடுத்தால் பதில் விரைவாக வரும். ‘மாணவர்கள் சிலர்’ என்று எழுதினால் அந்தக் கடிதம் அங்கேயே கிடக்கும்.

இன்னொன்றையும் சுரங்கத்தாரிடம் கேட்கத் தயங்காதீர்கள். 2017ஆம் ஆண்டின் கனிமப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு விதிகளின்படி ஒவ்வொரு சுரங்கத்துக்கும் மூடல் திட்டம் இருக்க வேண்டும். புதைபடிவம் நன்றாகத் தெரியும் ஒரு வெட்டுமுகத்தைச் சரிவு செய்து மூடாமல் பார்வைக்கு விட்டுவைக்கும்படி அந்தத் திட்டத்திலேயே எழுதச் சொல்லலாம். சுரங்கம் இயங்கும்போது கேட்டால் அது ஒரு வரித் திருத்தம். மூடிய பிறகு கேட்டால் அங்கே தண்ணீர்தான் நிற்கும்.

2. எந்த இடத்தைத் திறப்பது, எதைச் சொல்லாமல் விடுவது

புதைபடிவம் இருக்கும் எல்லா இடங்களையும் வரைபடத்தில் குறித்து வெளியிட வேண்டும் என்ற ஆசை தொடக்கத்தில் எல்லோருக்கும் வரும். அதை அடக்குங்கள். மனிதர் செய்த பழம்பொருட்களை மனத்தில் வைத்தே 1972ஆம் ஆண்டின் பழம்பொருட்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. புவிமரபுத் தலங்களுக்கென்று ஒன்றிய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் வெளியிட்டது வரைவு மசோதாதான். ஆகவே வயலில் கிடக்கும் ஓர் அம்மோனைட்டை (சுருள் ஓடுள்ள, அழிந்துபோன கடலுயிரின் புதைபடிவத்தை) பாதுகாப்பது நடைமுறையில் நில உரிமையாளரும் ஊர்க்காரர்களும்தான்.

முதல் ஆண்டில் மூன்று இடங்கள் போதும் என்பது என் கருத்து. பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்னும் ஊரின் களிமண் மேடுகள் ஒன்று. அங்கே ஏறத்தாழ 10 கோடி ஆண்டுப் பழமையுள்ள கடலடிக் களிமண்ணில் பெலம்னைட்டுகளும் (கணவாய் போன்ற பழங்கால உயிரின் கூர்முனைப் படிவங்கள்) புழுக்குழாய்களும் ஜிப்சத் தகடுகளும் தரையிலேயே தெரிவதால், வெறும் கண்ணுக்கே வேலை இருக்கிறது. சாத்தனூர் கல்மரம் இரண்டாவது. 18 மீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் ஒற்றைப் பொருள் என்பதால் குழந்தைகளுக்கும் உடனே பிடிபடும். அரியலூரை ஒட்டிய வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகம் மூன்றாவது. டைனோசர் எலும்பும் முட்டையும் கிடைத்ததாக அறிவிக்கப்பட்ட இடங்களைப் பயணத்தில் சேர்க்காதீர்கள். அவற்றைப் பற்றி அருங்காட்சியகத்துக்குள் பேசினால் போதும்.

3. யாரிடம் கையெழுத்து வாங்குவது

மாதக்கணக்கில் காலம் வீணாவது இங்கேதான். துறைத் தலைவர் உற்சாகமாக ஒப்புக்கொள்வார், அருங்காட்சியகத்தின் பொறுப்பாளரான காப்பாட்சியரும் தேநீர் கொடுத்து ஒப்புக்கொள்வார். இருவருக்கும் கையெழுத்திடும் அதிகாரம் கிடையாது.

பல்கலைக்கழகத்தின் சார்பில் கையெழுத்திடுபவர் பதிவாளர். அவர் கையெழுத்திடுவதற்குத் துணைவேந்தரின் ஒப்புதலும், பல இடங்களில் ஆட்சிக்குழுவின் தீர்மானமும் தேவைப்படும். ஆட்சிக்குழு நினைத்தபோது கூடுவதில்லை. எனவே அடுத்த கூட்டம் எப்போது, பொருள்நிரலில் சேர்க்கக் கடைசி நாள் எது என்பதைப் பதிவாளர் அலுவலகப் பிரிவில் கேட்டுக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு உங்கள் வரைவை முடியுங்கள். அரசு அருங்காட்சியகம் என்றால் கோப்பு காப்பாட்சியரிடமிருந்து சென்னை எழும்பூரில் உள்ள அருங்காட்சியகங்கள் துறைத் தலைமைக்கும், தேவைப்பட்டால் அங்கிருந்து சுற்றுலா, பண்பாடு மற்றும் அறநிலையங்கள் துறையின் செயலகத்துக்கும் போகும். இணைவுபெற்ற கல்லூரி ஒன்றின் வழியாகச் செய்வதானால், முதல்வரின் கையெழுத்து போதுமா, கல்லூரிக் கல்வி இயக்ககத்துக்குத் தெரிவிக்க வேண்டுமா என்பதை முன்பே கேளுங்கள்.

இந்தப் பகுதியில் நீண்டகாலமாகக் களப்பணி செய்துவரும் நிலவியல் துறைகள் பல. சென்னைப் பல்கலைக்கழகம், சேலம் பெரியார் பல்கலைக்கழகம், திருச்சிராப்பள்ளி தேசியக் கல்லூரி ஆகியவை உடனே நினைவுக்கு வருபவை. பெயர் பெரியதா என்று பார்க்காமல், ஆண்டுதோறும் தம் மாணவர்களை எப்படியும் காரைக்கு அழைத்துவரும் துறையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அவர்களுடைய களப்பயணச் செலவு ஏற்கெனவே வரவுசெலவுத் திட்டத்தில் இருப்பதால் உங்கள் வேலை பாதி முடிந்துவிடும்.

4. புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

முதல் ஒப்பந்தத்தில் பணத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். நிதிப் பொறுப்பு எதுவும் இல்லாத ஒப்பந்தம் நிதி அலுவலரின் மேசைக்குப் போக வேண்டியதில்லை. ஒரு சிறு தொகையைக் குறிப்பிட்டுவிட்டால் அதே கோப்பு முற்றிலும் வேறொரு பாதையில் ஊர்ந்து செல்லும். பணம் தேவைப்படும் வேலைகளுக்குப் பின்னர் தனித்தனிப் பணியாணைகள் போட்டுக்கொள்ளலாம். காலம் மூன்று ஆண்டு என்று வையுங்கள். ஓராண்டு என்றால் ஒப்புதல் வந்து சேர்வதற்குள் பாதி போய்விடும். முத்திரைத்தாள் வாங்கும் முன் நடப்புக் கட்டணத்தைப் பத்திர எழுத்தரிடம் கேளுங்கள். 2024இல் தமிழ்நாட்டில் முத்திரைக் கட்டணங்கள் மாற்றப்பட்டதால் பழைய மாதிரிப் படிவங்களில் உள்ள தொகையை நம்பக்கூடாது.

உள்ளடக்கத்தில் மாதிரிகளின் உரிமையைப் பற்றிய பகுதிக்குத்தான் நேரம் செலவிட வேண்டும். ஆய்வுக்காக எடுக்கப்படும் புதைபடிவம் எங்கே இருக்கும்? பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஓர் ஆசிரியரின் அலமாரியில் இருந்தால், அவர் ஓய்வுபெறும் நாளில் அட்டைப்பெட்டியும் குறிப்பேடும் பிரிந்துபோகும். கல் மிஞ்சும், அது எங்கிருந்து வந்தது என்ற செய்தி மிஞ்சாது. ஆகவே, களத்திலிருந்து எடுக்கப்படும் ஒவ்வொரு மாதிரியும் குறிப்பிட்ட நாட்களுக்குள் அருங்காட்சியகத்தின் சேர்க்கைப் பதிவேட்டில் எண் பெற வேண்டும் என்றும், ஆய்வு நடக்கும் காலத்தில் அது பல்கலைக்கழகத்துக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டதாகக் கருதப்படும் என்றும், கட்டுரை வெளிவரும்போது அந்த எண் கட்டுரையில் இடம்பெற வேண்டும் என்றும் எழுதுங்கள். பதிவேட்டில் நாள், எடுத்தவர் பெயர், புல எண், அட்சரேகை தீர்க்கரேகை, எந்தப் பாறை அடுக்கு, மேலிருந்து எவ்வளவு ஆழம் ஆகிய கட்டங்கள் அவசியம். ‘அரியலூர்’ என்று மட்டும் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும் கல்லை வைத்து ஆய்வாளர் எதுவும் செய்ய முடியாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: யார் பெயரில் பலகை, யார் சின்னம் எந்தப் பக்கம், படங்களின் உரிமை யாருக்கு, வழிகாட்டிகளுக்குப் பயிற்சி தருவது யார், தகராறு வந்தால் யாரிடம் முறையிடுவது, விலக விரும்பினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு. சின்னத்தைப் பற்றிய வரியைச் சிறியது என்று விட்டுவிடாதீர்கள். அழைப்பிதழ் அச்சாகும் நாளில் அதுதான் பெரியதாகிவிடும்.

5. பணம் எந்தக் கணக்கில் வரும்

அரசு அருங்காட்சியகத்தில் வசூலாகும் நுழைவுக்கட்டணம் கருவூலத்துக்குப் போய்விடும். அந்தப் பணத்திலிருந்து உங்கள் வழிகாட்டிக்கு நாட்கூலி கொடுக்க வழியில்லை. பல்கலைக்கழகக் கணக்கில் வாங்கினால், நிறுவனப் பங்கு கழித்தது போக மீதியை எடுக்க ஒவ்வொரு முறையும் முன்பணக் கோரிக்கை, செலவுச் சீட்டு, சரிக்கட்டல் என்ற சுற்று உண்டு. எங்களுக்குத் தெரிந்தவரை ஒழுங்காக நடப்பது மூன்றாவது வழிதான்: 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் ஒரு சங்கத்தைப் பதிவுசெய்து, அதில் காப்பாட்சியரையும் துறைத் தலைவரையும் ஆலோசகர்களாக மட்டும் வைத்து, பயணக் கட்டணத்தைச் சங்கத்தின் வங்கிக் கணக்கில் வாங்குவது. பதிவுக்குக் குறைந்தது ஏழு உறுப்பினர்கள், துணைவிதிகள், அலுவலக முகவரிச் சான்று ஆகியவை தேவை. ஆண்டுதோறும் கணக்கைத் தாக்கல் செய்ய மறந்தால் பதிவு இருந்தும் பயனில்லை. சங்கம் தொடங்க மனமில்லை என்றால், ஏற்கெனவே இயங்கும் மகளிர் சுயஉதவிக் குழுவோடு உணவுக்கும் வழிகாட்டலுக்கும் நேரடியாகப் பேசிக்கொள்ளலாம்.

செலவைக் கணக்கிடும்போது ஒரு பேருந்துக் குழுவை அலகாகக் கொள்ளுங்கள். இந்த இடங்களுக்கிடையே நேரான நகரப் பேருந்து வசதி இல்லாததால் வண்டி வாடகைதான் பெருஞ்செலவு. மற்றவை அதன் அருகில் கூட வராது. வண்டி, வழிகாட்டிக் கூலி, மதிய உணவு, குடிநீர், காப்பீடு, அச்சிட்ட கையேடு ஆகிய ஆறு தலைப்புகளில் தொகை எழுதி, தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். அரசுப் பள்ளிகளுக்குக் கட்டணமில்லாமல் செய்ய விரும்பினால், அந்தச் செலவை யார் ஏற்கிறார் என்பதை முன்பே முடிவுசெய்யுங்கள். சிமெண்ட் ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்கலாம். நிதியாண்டு மார்ச்சில் முடிவதால் ஜனவரிக்குப் பிறகு கேட்பதைவிட முந்தைய ஏப்ரலில் கேட்பது பயன் தரும்.

6. வயதையும் பெயரையும் ஒருமுறை பேசி முடியுங்கள்

சாத்தனூர் கல்மரத்துக்கு 12 கோடி ஆண்டு வயது என்ற எண் எங்கும் பரவியிருக்கிறது. அதே மரம் மேல் கிரிட்டேசியஸ் காலப் பாறையில் (டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலத்தின் பாறையில்) கிடப்பதாகவும் சொல்லப்படுகிறது. மேல் கிரிட்டேசியஸ் தொடங்குவதே ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் என்பதால், இரண்டும் ஒரே பலகையில் இருந்தால் கணக்குத் தெரிந்த பள்ளி மாணவன் கேள்வி கேட்பான். இதைப் பலகை எழுதுவதற்கு முன்பே பல்கலைக்கழகத்தார் தீர்த்துவைக்க வேண்டும். அதற்கென்றே ஒருநாள் உட்காருங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பக்கத்தில் உரை, அதில் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் பொறுப்பேற்பவரின் கையொப்பம், ஆண்டுக்கு ஒருமுறை மறுபார்வை என்ற முறை எங்களுக்கு நன்றாக உதவியது.

முட்டை விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. 2009இல் செந்துறைப் பகுதியில் டைனோசர் முட்டைகள் கண்டறியப்பட்டதாகப் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 2020இல் குன்னம் பகுதியில் உருண்டைக் கற்கள் வெளிப்பட்டபோது அவையும் டைனோசர் முட்டைகள் என்று கைப்பேசிகளில் பரவின. வல்லுநர்கள் பார்த்தபோது அவை அம்மோனைட் சார்ந்த உருண்டைப் படிவுகள் என்று தெரிந்தது. உங்கள் வழிகாட்டி உருண்டையான கல் எதையும் முட்டை என்று சொல்லக்கூடாது என்பதைப் பயிற்சியின் முதல் மணிநேரத்திலேயே சொல்லிவிடுங்கள். கூட்டத்தை மகிழ்விக்க இதைவிட எளிய வழி இல்லை என்பதால்தான் இந்த ஆபத்து.

7. மாதமும் கிழமையும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் காரைக் களிமண் காலணியோடு ஒட்டிக்கொண்டு வரும். சரிவில் யாரையும் ஏற்ற முடியாது. ஏப்ரல் முதல் ஜூன் வரை நிழலே இல்லாத அந்த மேடுகளில் காலை ஒன்பது மணிக்கு மேல் நிற்பது கொடுமை. ஆகவே பொங்கல் முடிந்ததிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை உங்கள் முதன்மைப் பருவம். மழை கழுவிவிட்ட மேட்டில் புதிய படிவங்கள் வெளிப்பட்டிருக்கும் நேரமும் அதுவே என்பதால், பொதுமக்கள் வருவதற்கு முன் ஜனவரி முதல் வாரங்களில் மாணவர்களைக் கொண்டு பதிவு செய்துவிடுங்கள்.

மாவட்ட அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. இரண்டாம் சனிக்கிழமையும் மூடியிருக்கும். பள்ளிகள் பெரும்பாலும் கேட்பது வெள்ளிக்கிழமையைத்தான். தேதியை உறுதிசெய்யும் முன் காப்பாட்சியரிடம் எழுத்தில் கேளுங்கள். நாளின் வரிசை இப்படி இருக்கட்டும்: வெயில் ஏறும் முன் காரை, அடுத்து சாத்தனூர், உச்சிவெயிலில் அருங்காட்சியகம். களத்தில் பார்த்ததைக் கண்ணாடிப் பெட்டியில் மறுபடி பார்க்கும்போது பெயர்கள் மனத்தில் நிற்கின்றன. மாலையில் நேரம் மிஞ்சினால் கங்கைகொண்ட சோழபுரம் அதே அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதையும் கட்டாயமாக்கினால் சாத்தனூரில் யாரும் நிதானமாக நிற்கமாட்டார்கள்.

8. பாதுகாப்பு

பதினைந்து பேருக்கு ஒரு வழிகாட்டி என்ற அளவைத் தாண்டாதீர்கள். கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளில் பச்சை நீர் அழகாகத் தெரியும்; விளிம்பு எந்த நேரமும் சரியும், ஆழமும் தெரியாது. அவற்றின் அருகில் வண்டியை நிறுத்தவே கூடாது. குழு விபத்துக் காப்பீட்டைப் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்களில் பெயர்ப் பட்டியல் கொடுத்து எடுக்கலாம். பட்டியலை முன்னதாகவே கொடுத்து, பயணத்துக்கு முன் ஆவணம் கைக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டோர் என்றால் பெற்றோர் ஒப்புதல் கடிதம் கட்டாயம். முதலுதவிப் பெட்டி, உப்புச் சர்க்கரைக் கரைசல், அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் எண் ஆகியவை வண்டியில் இருக்கட்டும்.

9. ஊராட்சியும் ஊர்க்காரர்களும்

ஆட்சியர் அனுமதி கையில் இருந்தாலும் ஊராட்சியின் தீர்மானம் இல்லாமல் தொடங்காதீர்கள். கிராமசபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். ஜனவரியில் முதல் பயணம் என்றால் நவம்பர் 1 கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றிவிடுங்கள். அங்கே பேராசிரியர் பேசுவதைவிட, உள்ளூரிலிருந்து படிக்கப்போன மாணவி ஒருவர் பேசினால் ஊர் கேட்கும். ஆடுமேய்ப்பவர்களுக்கு எந்த மேட்டில் எந்தக் கல் வெளியே வந்திருக்கிறது என்பது நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். வழிகாட்டிப் பயிற்சிக்கு அவர்கள் வீட்டுப் பிள்ளைகளை முதலில் அழையுங்கள், கூலியை அன்றன்றே கையில் கொடுங்கள்.

கல்லை விலைக்குக் கேட்கும் பயணி ஒருவர் எப்படியும் வருவார். அவருக்குக் கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும் என்பதால், அருங்காட்சியகத்தில் உள்ள மாதிரிகளுக்குச் சிலிக்கான் அச்சு எடுத்து, பிளாஸ்டர் வார்ப்புகள் செய்து விற்கும் வேலையை மகளிர் குழுவுக்குக் கற்றுக்கொடுங்கள். அச்சு எடுக்கும் அனுமதி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். மூல மாதிரியில் அச்சு ஒட்டிச் சிதையாதவாறு செய்ய அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புப் பிரிவினரின் மேற்பார்வை தேவை.

10. ஒவ்வோர் ஆண்டும் செய்ய வேண்டிய பதிவு

காரையில் நான்கைந்து இடங்களில் அடையாளக் கல் நட்டு, ஒவ்வொரு ஜனவரியிலும் பருவம் தொடங்கும் முன்பும் மார்ச்சில் முடிந்த பின்பும் அதே இடத்திலிருந்து அதே திசையில் படம் எடுங்கள். ஒரு சதுர மீட்டர் கட்டம் போட்டு அதற்குள் கிடக்கும் பெலம்னைட்டுகளை எண்ணி எழுதுங்கள். இந்த வேலையை முதுநிலை மாணவர்களின் களப்பணி மதிப்பெண்ணோடு சேர்த்துவிட்டால் செலவில்லாமல் நடக்கும். இரண்டு எண்ணிக்கைக்கும் இடையே இறக்கம் தெரிந்தால் அந்த மேட்டை அடுத்த பருவத்துக்கு மூடிவிட்டு வேறு மேட்டுக்கு மாறுங்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கோப்பை மூன்றாம் ஆண்டின் ஜூனிலேயே நகர்த்தத் தொடங்க வேண்டும். அப்போது இந்தப் படங்களும் எண்ணிக்கைகளும்தான் உங்கள் கடிதத்தின் இணைப்புகள்.